அஞ்சலை உட்கார்ந்த பெஞ்சு

பூங்கா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு,

நான் வேலையிலிருந்து நின்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்து, "உன் அனுபவத்தச் சொல்லும்மா" என்றார்கள். "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அஞ்சாவது வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்து மறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இதில் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருத்தி உரக்கப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், குழாய் உடைந்தால் யாருக்குப் போன் போடுவது, இதெல்லாம் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது கேட்டைப் பற்றி. யாரை உள்ளே விடுவது, விட்டபின் அவர்களை எப்படி இருக்க விடுவது. இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஆள் எதிரில் வந்து நிற்கும்போது நீங்களேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். பயந்துகொண்டேதான் எடுப்பீர்கள். பரவாயில்லை, எடுங்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பூங்காவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உடம்புக்காக வருவதில்லை.

ஒரு ரைஸ்மில் முதலாளி காலையில் வருவார். காதில் போனை வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, "ஆமா, ஆமா, பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடப்பார். யாரும் குறுக்கே போய் வணக்கம் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் என் பக்கத்தில் தடுக்கி விழப் பார்த்தார். போன் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அது அணைந்து கிடந்தது. அவர் கண் முழுக்கத் தண்ணீர். நான் போனைக் கொடுத்துவிட்டு இட்லிப்பூச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளும் அவர் வந்தார், மறுநாளும் "ஆமா, ஆமா" என்றார். நானும் மறுநாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பெருக்கினேன். அவருக்கு என்ன கஷ்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. காசு உள்ளவருக்கும் அழுவதற்கு ஓர் இடம் தேவைப்படுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

இனி அஞ்சலை விஷயம்.

கள்ளக்குறிச்சியில் நான் ரொம்ப வருஷம் வேலை பார்த்த பூங்கா ஒரு புது நகருக்குள் இருக்கிறது. சுற்றிலும் டாக்டர், வக்கீல், நகைக்கடைக்காரர் வீடுகள். பூங்கா இருக்கும் இடம் அரசாங்கத்துடையது. எங்களை வேலைக்கு வைத்திருப்பது நகராட்சி, அன்றாடப் பராமரிப்பு மட்டும் நகரின் நலச்சங்கத்தின் கையில். ஆனால் கேட்டில் சங்கம் ஒரு போர்டு மாட்டியிருந்தது: ‘நகர்வாசிகளுக்கு மட்டும்’. பூங்காவின் பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. சித்தாள் வேலை, மூட்டை தூக்குகிற வேலை, கரும்பு வெட்டுகிற வேலை பார்க்கிறவர்கள் இருக்கிற தெரு. எங்கள் தெருவில் ஒரு மரம் கிடையாது. மரம் வைக்க இடமிருந்தால் அதில் இன்னொரு ரூம் கட்டியிருப்போம்.

ஒரு சாயந்திரம் அஞ்சலை கேட்டில் வந்து நின்றாள். என் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறவள். கட்டிட வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், காலில் சிமெண்டு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வாட்ச்மேன் காசி நாற்காலியை விட்டு எழுந்தான்.

"யாரு வோணும்?"

"யாரும் வாணாம்."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்துகினு கீற?"

"செத்த ஒக்காரலாம்னு."

"ஒக்கார வூடு இல்லியா உனுக்கு?"

அவள் போர்டைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் போர்டு என்றால் என்ன என்று தெரியும். போய்விட்டாள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

காசி கெட்டவன் இல்லை. வேலைக்குப் பயப்படுகிறவன். என்னிடம் வந்து, "யக்கா, உங்க தெரு பொம்பள தானே, இன்னா வோணுமாம் அதுக்கு?" என்றான்.

அவளுக்கு வேண்டியது எனக்குத் தெரியும். அவள் புருஷன் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களில் ஒருவன். எங்கள் ஊர்ப் பெயர் டிவியில் ஓடிக்கொண்டே இருந்த நாட்களில் அவள் வாசலிலும் கேமரா வந்து நின்றது. கேமரா போன பிறகும் ஜனங்கள் பார்ப்பது நிற்கவில்லை. தெருவில் போகிறவர்கள் அவள் வாசலைத் தாண்டும்போது குரலைக் கம்மி பண்ணிக்கொள்வார்கள். ஒரே ரூம், கதவைச் சாத்தினால் உள்ளே புழுக்கம், திறந்தால் ஊர்க்கண். கல்வராயன் மலையிலிருந்து கட்டிக் கொடுக்கப்பட்டு வந்தவள். மலையில் போய் இருக்கலாம் என்றால் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. யாரும் தன்னைப் பார்க்காத ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

காசிதான் வழி கண்டுபிடித்தான். "ஒரு தொடப்பத்த கையில குடுத்துடலாங்க்கா. எவன் கேக்கப் போறான்?"

எங்களுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. உங்களுக்கும் கொஞ்ச நாளில் இது தெரிந்துவிடும். கையில் துடைப்பம் இருந்தால் நாம் இந்த ஊரில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கலெக்டர் ஆபீஸ் மாடிக்குப் போகலாம், கல்யாண மண்டபத்துக்குள் போகலாம், பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்கும் போகலாம். ஒருத்தரும் நீ யார் என்று கேட்க மாட்டார்கள். மோட்டார் ரூமில் பழைய துடைப்பம் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அஞ்சலையிடம் கொடுத்தோம்.

அது பலித்தது. அஞ்சலை சாயந்திரம் வருவாள், பேருக்கு நாலு இலையைத் தள்ளுவாள், அப்புறம் புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவாள். துடைப்பம் மடியில் இருக்கும். பெஞ்சில் உட்கார மாட்டாள். நாங்களும்தான் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டைக்கூட மோட்டார் ரூமுக்குப் பின்னால் குந்தித்தான் சாப்பிடுவோம். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. கழுவுகிறவர்கள் நாங்கள், உட்காருகிறவர்கள் அவர்கள், அப்படியே பழகிவிட்டது.

கொஞ்ச நாள் போனது. அஞ்சலை முகம் லேசாகத் தெளிந்தது. ஒரு தடவை அணில் ஒன்று பெஞ்சு மேலிருந்த கடலைத் தோலை எடுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான்.

அப்புறம் சங்கத்துச் செக்ரட்டரி சார் அவளைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. சந்தோஷப்பட்டார்.

"புது ஆளா? சாயந்திரமும் ஆள் போட்டாச்சா? நல்லதுதான். ஏம்மா, அந்த ஊஞ்சல் பக்கமும் கொஞ்சம் பார்த்துக்கோ."

அஞ்சலை எழுந்து ஊஞ்சல் பக்கம் போனாள். மறுநாள் வாக்கிங் வந்த இன்னொருவர், "இங்க நாய் அசிங்கம் பண்ணி வச்சிருக்கு, எடுத்துடு" என்றார். அடுத்து பாங்க் அம்மா. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்கள் வைத்த பெயர் பாங்க் அம்மா. சாயந்திரம் மெதுவாக நடந்துவிட்டு, அந்தப் புங்கமரத்தடிப் பெஞ்சில்தான் வந்து உட்காருவார். பெஞ்சைக் காட்டி, "காக்கா எச்சம்மா, தினமும் நான் வர்றதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி வச்சிடு" என்றார்.

அஞ்சலை எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள். துடைப்பம் கையில் இருக்கிறவள் வேறென்ன சொல்வாள்?

பகல் முழுக்கச் செங்கல் சுமந்தவள், சாயந்திரம் பூங்கா பெருக்கினாள். உட்காருவது நின்றுபோனது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்குவாள், மண் பெயர்ந்து புழுதி பறக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. ஒரு நாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்டி, இன்னாடி ஆச்சி உனுக்கு? சாப்ட்டியா?"

"சாப்டாம இன்னா."

"பொய் சொல்லாத."

துடைப்பத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து ஆத்துப் பாலத்துல போயி நின்னுகினு இருந்தேங்க்கா. ரொம்ப நேரம். பஸ்ஸு போவுது, வண்டி போவுது. ஏன் இங்க நிக்கிறன்னு ஒரு ஆளு கேக்கல. இங்க வந்து ஒக்காந்தா மட்டும் எல்லாரும் கேக்குறாங்க."

நான் பேசத் தெரியாதவள். "அப்டிலாம் நிக்காதடி" என்று மட்டும் சொன்னேன். அன்று அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். எங்கள் தெருவுக்கு வருகிற சுகாதாரச் செவிலியரிடம் மறுநாளே சொல்லி அவளை ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினோம். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால், நீங்களே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். என்னை மாதிரி மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி, ஆளைக் கையோடு கூட்டிப் போங்கள்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதோடு, தினமும் கொஞ்ச நேரம் காற்றாட எங்காவது உட்காரச் சொன்னாராம். அஞ்சலை என்னிடம் வந்து, "எங்க ஒக்கார்றதுங்க்கா?" என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சூப்பர்வைசரிடம் போனேன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எதிரில் நின்றதும் பாதி மறந்துவிட்டது. "சார், அந்தப் பொம்பளைக்கு ஒடம்பு சரியில்ல, பெருக்கச் சொல்லாம சும்மா உள்ள வுடணும்" என்றேன்.

"சும்மா வுடறதா? சங்கத்துல என்னைத் தொலைச்சிடுவாங்க. மரம் மட்டை பார்க்கணும்னா கல்வராயன் மலைக்குப் போகச் சொல்லு, அங்க தானே காடு கெடக்குது" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு, "ஒண்ணு செய்யலாம். அதையும் வேலைக்கு எடுத்துக்கறேன். சாயந்திர ஷிப்ட். நீ போட்டிருக்கற மாதிரி பச்சைக் கோட்டு குடுத்துடலாம்" என்றார்.

காசிக்கு வாயெல்லாம் பல். "அடிச்சுது பார் யோகம்! கெவுருமெண்டு பார்க்குல வேலைன்னா சும்மாவா? சரின்னு சொல்லுக்கா."

இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். நம் மாதிரி ஆளுக்கு ஒரு கஷ்டம் என்றால், நல்லவர்கள் எல்லாரும் கொடுக்க நினைப்பது இன்னொரு வேலை. அவர்கள் மனசு தங்கம்தான். ஆனால் பாங்க் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்றபோது அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அவர் டாக்டரும் பூங்காவில் போய் உட்காரத்தான் சொன்னாராம், அவரே ஒரு நாள் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒரே வியாதி, ஒரே மருந்து. ஒருவருக்குப் பெஞ்சு, ஒருத்திக்குத் துடைப்பம்.

யோசித்துப் பார்த்தேன். சங்கத்தில் போய் முறையிடலாம், ஆனால் என்னால் பேச முடியாது, பேசினாலும் போர்டைக் காட்டுவார்கள். கண்டும் காணாமல் இருக்கலாம், அவள் மறுபடி பாலத்துக்குப் போவாள். வேலைக்குச் சேர்த்துவிடலாம், பெருக்கிக்கொண்டே இருப்பாள். வேறு என்ன இருக்கிறது என் கையில் என்று பார்த்தேன். வாய் இல்லை. உடம்புதான் இருந்தது. அது உட்காரும்.

அன்று சாயந்திரம் நல்ல கூட்டம். அஞ்சலை வந்ததும் அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மோட்டார் ரூமுக்குள் போட்டுப் பூட்டினேன். "இன்னாக்கா?" என்றாள். "வா" என்றேன். புங்கமரத்தடிப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன். பச்சைக் கோட்டோடு, எல்லாரும் பார்க்க, பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளையும் இழுத்து உட்கார வைத்தேன். அந்தப் பெஞ்சை எத்தனையோ தடவை கழுவியிருக்கிறேன். அது இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

நடந்து போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் முந்தானையின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

"வுடுக்கா, போயிடலாம். திட்டுவாங்க."

"திட்டட்டும். நீ ஒக்காரு."

பாங்க் அம்மா தன் சுற்றை முடித்துக்கொண்டு வந்தார். வழக்கமான இடத்தில் நாங்கள் இருப்பதைப் பார்த்து நின்றார். ஒரு நொடி என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நகருங்கம்மா, கால் வலிக்குது" என்றார். நகர்ந்தோம். ஓரமாக உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செக்ரட்டரி சார் வேகமாக வந்தார். காசி அவர் பின்னாலேயே ஓடி வந்தான்.

"என்னம்மா இது? வேலை நேரத்துல உட்கார்ந்திருக்கீங்க?"

நான் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்தேன். "என் வேல முடிஞ்சிதுங்க சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சரி, அந்தம்மா?"

"அவ இங்க வேலைக்கு வரலிங்க."

"அதான் சூப்பர்வைசர் வேலை போட்டுத் தரேன்னாரே, கேள்விப்பட்டேன். நாளையிலிருந்து முறைப்படி வரட்டும். நல்ல விஷயம்தானே?"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். இத்தனை பேர் என்னைப் பார்த்து நின்றதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "அவளுக்கு வேல இருக்குதுங்க சார். காலையிலேர்ந்து செங்கல் தூக்கிட்டுத்தான் வர்றா. வேல இல்லாம ஒக்கார ஒரு எடம்தாங்க இல்ல."

"இது சும்மா வந்து உட்கார்ற இடம் இல்லம்மா. ஒரு முறை இருக்கு..."

"அப்போ நான் என்ன சார் பண்றேன் இங்க?" என்றார் பாங்க் அம்மா.

"மேடம், நீங்க வேற. நீங்க நம்ம நகர்."

"நகரா இருந்தா தூக்கம் வந்துடுதா?" என்றவர் அதோடு நிறுத்திவிட்டார். எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. கைப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தார், அவ்வளவுதான். அவர் எங்களுக்காகப் பேசினாரா, தனக்காகப் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. தனக்காகத்தான் என்றாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

செக்ரட்டரி சார் என்னைப் பார்த்து, "நாளைக்கு சூப்பர்வைசரைப் போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காசி கொஞ்ச நேரம் நின்றான். "யக்கா, உனுக்கு இவ்ளோ வாயி எங்க இருந்துச்சி?" என்று சொல்லிவிட்டு கேட் பக்கம் போனான்.

மறுநாள் என்னை வேறு பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை போகிற ரோட்டில், லாரிப் புகையில் செடியெல்லாம் கறுத்துக் கிடக்கிற பூங்கா அது. எனக்கு வருத்தமில்லை. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு சாயந்திரமும், கேட்டில் காசி என்ன செய்கிறானோ என்று நினைத்துக்கொள்வேன். அஞ்சலையிடம் கேட்டால், "வுடறாருக்கா. பாக்காத மாரி திரும்பிக்கிறாரு" என்பாள். அதுவும் ஒரு வழிதான். திரும்பிக்கொள்வதற்கும் தைரியம் வேண்டும். இருந்தாலும் பெண்களே, திரும்பிக்கொள்வதோடு நீங்கள் நின்றுவிடாதீர்கள். அந்தப் போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அரசாங்க இடத்தில் அந்தப் போர்டை மாட்ட யார் சொன்னது என்று எழுதிக் கேளுங்கள். ஒருத்தியாகக் கேட்காதீர்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். நான் ஒருத்தியாகச் செய்ததால் ஒரு பெஞ்சு மட்டும்தான் கிடைத்தது.

போன மாசம் மருந்து வாங்கப் போனவள், அந்தப் பக்கமாகத் திரும்பினேன். சாயந்திர நேரம். காசி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உள்ளே போனேன். புங்கமரத்தடியில் அஞ்சலை இருந்தாள். தரையில் இல்லை, பெஞ்சில். காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு, பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து இன்னொருத்தி. அந்த ஓரத்தில் பாங்க் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி பண்ற?" என்றேன்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள்.